கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிக்குக் கூட்டமாகப் போகிறீர்களா?

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை ஆளுக்கொன்று வாங்குங்கள். நெஞ்சளவு உயரம், கையில் வளையாத கனம். ஏறும்போது வீண்சுமையாகத் தெரியும். இறங்கும்போதுதான் அதன் அருமை புரியும்: செங்குத்துப் படிகளில் உடல்பாரம் முழுக்க முட்டியில் விழும், தொடை நடுங்கும். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தை அதில் இறக்கிய பிறகே காலை வையுங்கள்.

முதல் மலையிலேயே வேகமெடுத்தவர்தான் நாலாவது மலையில் உட்கார்ந்துவிடுவார். அதனால் குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்; டார்ச்சுடன் ஒருவர் கடைசியில் வரட்டும். வழியில் வரும் வெள்ளை விநாயகர் கோயில், கைதட்டிச் சுனை இரண்டிலும் நின்று தலையெண்ணுங்கள்.

வனத்துறை சோதனையில் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்துவிடுவார்கள். கடலைமிட்டாய், பேரீச்சையைத் துணிப்பையில் கட்டுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் அடிவாரக் கோயிலோடு நிற்பதே நல்லது.