வளர்ச்சிச் சதவீதத்தைக் கையில் வைத்துக் கணக்கு போடுவது எப்படி?

ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி என்று யாராவது மேடையில் சொன்னால், கைதட்டுவதற்கு முன் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். சுற்றுச்சூழல் படித்தவன் இல்லை. ஆனால் வளர்ச்சி முடிவில்லாமல் போகுமா, மண்ணும் தண்ணீரும் தாங்குமா என்ற கேள்வியில் பாதி வெறும் பெருக்கல் வகுத்தல்தான். உதாரணத்துக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுங்கள். எத்தனை வருடத்தில் இரண்டு மடங்காகும் என்பது தோராயமாக வந்துவிடும். 7 சதவீதம் என்றால் 10 வருடம், 3.5 என்றால் 20 வருடம். 7 சதவீதம் கேட்பதற்கு அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் 10 வருடத்தில் 2 மடங்கு, 20-ல் 4, 30-ல் 8, 50 வருடத்தில் 32 மடங்கு. இன்று கல்யாணமாகிற பையன் பேரனைக் கொஞ்சி முடிப்பதற்குள் 32 மடங்கு! இப்படி மடங்காக மாற்றிக்கொண்ட பிறகுதான் எதையும் பேச வேண்டும்.

2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ரூ.40,000 கோடியை ஒட்டி வந்தது. 2030-க்குள் ரூ.1 லட்சம் கோடி என்பது இங்கே எல்லோரும் சொல்லும் இலக்கு. ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு. அதற்கு வருடம் 20 சதவீதம் ஏற வேண்டும். அதாவது நான்கு வருடத்துக்குள் ஒரு இரட்டிப்பு.

அடுத்து, ரூபாயைக் கிலோவாக மாற்றுங்கள். பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. 2010-11-ல் டாலர் 45, 46 ரூபாய். 2024-25-ல் 84, 85. அதே பனியனை அதே டாலர் விலைக்கு அனுப்பியிருந்தாலும் ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளர்ந்ததாகக் காட்டும். எங்கள் ஊர் ஆறான நொய்யலுக்கு டாலர் விலை தெரியாது. எத்தனை கிலோ துணி சாயம் ஏறியது, கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, இதுதான் ஆற்றுக்குப் போய்ச் சேரும் கணக்கு. ரூபாய் மதிப்புச் சரிவைக் கழிக்கும் இந்தக் கணக்கை வளர்ச்சியைப் புகழ்கிறவரும் எதிர்க்கிறவரும் செய்ய வேண்டும். ரூபாய் ஏறியதை மட்டும் காட்டி ஊரே நாசம் என்று சொல்கிறவரும் தப்புக் கணக்குதான் போடுகிறார்.

மூன்றாவது, மண்ணும் தண்ணீரும் தாங்க வேண்டிய சுமையை மூன்றாகப் பிரியுங்கள்: எத்தனை தலை, தலைக்கு எவ்வளவு பொருள், ஒரு பொருளுக்கு எவ்வளவு சேதம். மூன்றையும் பெருக்கினால் மொத்தச் சுமை. பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்த வாய்பாடு இது.

தலைக்கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உலக மக்கள்தொகை 1987-ல் 500 கோடி, 2022 நவம்பரில் 800 கோடி. ஆனால் ஏறும் வேகம் 1960-களில் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தது, இப்போது 1-க்கும் கீழே. 2080-களில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு அப்புறம் மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை (2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு). எண்ணிக்கை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். தொகுதி மறுவரையறைக்குப் பயந்து பிள்ளை பெறச் சொல்லி மேடையில் பேசும் காலத்துக்கு வந்துவிட்டோம். ஆக, தலை முடிவில்லாமல் ஏறப் போவதில்லை. உலகப் பொருளாதாரமோ வருடம் 3 சதவீதம் போல வளர்கிறது. வித்தியாசம் முழுக்க இரண்டாவது எண்ணில்தான். எங்கள் பனியனை வாங்கும் ஐரோப்பாவில் தலைகள் அவ்வளவாக ஏறவில்லை, அலமாரிகள் நிறைகின்றன.

மூன்றாவது எண்ணில்தான் நம்பிக்கையும் இருக்கிறது, ஏமாற்று வேலையும் இருக்கிறது. கொஞ்சம் நின்று பாருங்கள்.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். எங்கள் ஊர் அதை நொய்யலில் விட்டது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. தண்ணீர் விடு என்று விவசாயிகள் போராடித்தான் பார்த்திருப்பீர்கள்; இங்கே விடாதே என்று போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் மறுபடி திறந்தார்கள்.

அந்த ஏற்பாடு நிஜமாகவே வேலை செய்கிறது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து, 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சுமை குறைந்தது என்று யாராவது சொன்னால் உடனே மறுக்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்தச் சேமிப்பை வளர்ச்சி எத்தனை வருடத்தில் தின்று தீர்க்கும்? 100 லிட்டரில் 95 திரும்பக் கிடைக்கிறது என்று வையுங்கள். புதிதாக 5 வேண்டும். உற்பத்தி 20 மடங்கானால் அந்த 5 மறுபடி 100. கிலோக்கணக்கில் 7 சதவீத வளர்ச்சி என்றால் 44 வருடம். 20 சதவீதம் என்றால் வெறும் 16 வருடம். 100-ல் 95-ஐ மீட்ட பிறகு அதே 100-லிருந்து இன்னொரு 95-ஐ மீட்க முடியாது. மிச்சமிருக்கும் அந்த 5-ல்தான் இனி கைவைக்க முடியும், அதுவும் ஒவ்வொரு சொட்டுக்கும் கூடுதல் செலவில்.

இரண்டு, சுமை எங்கே இடம் மாறியது? எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. பம்புக்கு கரண்ட். பல கம்பெனிகள் சொந்தமாகக் காற்றாலை போட்டிருப்பதால் கரண்டில் ஒரு பகுதி நிஜமாகவே தணிந்தது, அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆனால் கடைசியில் ஒன்று மிஞ்சும்: கலவை உப்பு. பழுப்பேறி, ஈரம் கோத்து, கட்டி கட்டியாக மூட்டையில் கிடக்கும். சாயத்துக்குத் திரும்பப் போட சுத்தம் போதாது, வெளியே கொட்ட அனுமதி இல்லை. கூரைக்குக் கீழே அடுக்கித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மழை பட்டால் கரைந்து, முன்பு ஆற்றில் போன அதே உப்பாக ஓடிவிடும். அடுத்த இரட்டிப்புக்கு இன்னொரு கொட்டகை கட்ட வேண்டும். பசுமை வளர்ச்சி என்று எதைக் காட்டினாலும் அதன் கலவை உப்பு எங்கே என்று தேடுங்கள். மின்சாரக் காருக்கு அது பேட்டரிக்கான உலோகம் தோண்டும் சுரங்கத்தில் இருக்கும்.

என் முடிவைக் கேட்டால்: ரூபாய் இன்னும் வெகுகாலம் ஏறலாம், நல்ல துணி, நல்ல விலை, நல்ல கூலி என்று. கிலோ அப்படி ஏற முடியாது. 1 லட்சம் கோடி இலக்கில் எவ்வளவு விலை, எவ்வளவு கிலோ என்று பிரித்துச் சொல்லாதவரை அது எனக்குப் பாதி எழுதிய பேரேடு.

இந்தக் கணக்கை எங்கே பயன்படுத்துவது? பெரிய ஆலையோ சுரங்கமோ வரும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கலெக்டர் ஆபீசில் இருக்க வேண்டும். வாங்கிப் படித்துவிட்டு நான்கு எண்களைக் கேளுங்கள்: உற்பத்தி இரட்டிப்பாக எத்தனை வருடம், அப்போது மொத்தத் தண்ணீர் எவ்வளவு, மிஞ்சும் கழிவு எத்தனை டன், அதை வைக்க இடம் எங்கே. பேசத் தயக்கமாக இருந்தால் எழுதியும் கொடுக்கலாம். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு குறைத்துவிட்டோம் என்று பதில் வரும். மொத்தம் எவ்வளவு என்று மறுபடி கேளுங்கள், பதில் பதிவேட்டில் ஏறும் வரை உட்காராதீர்கள்.