ஜமைக்கா செராசி டீ: போடுற விதமும் யாரெல்லாம் தொடக்கூடாதுங்கிறதும்

ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல வேலைக்குப் போன புதுசுல நாலு நாளா வயிறு சரியில்லாம கிடந்தேன், பக்கத்து வீட்டு அம்மா வேலில படர்ந்திருந்த ஒரு கொடியை இழுத்துப் பறிச்சு கையில குடுத்து இதைக் கொதிக்க வச்சுக் குடின்னாங்க. இலையைக் கசக்கி மோந்து பார்த்தா, அட இது நம்ம பாகல் ஆச்சே! அதேதான். அங்க செராசின்னு சொல்றது வேலியோரமா தானா முளைக்கிற காட்டுப் பாகல், காய் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஹெய்ட்டில இதுக்கு அசோசின்னு பேரு, ட்ரினிடாட்ல கரைலி, அது ஹிந்தி கரேலால இருந்து அங்க போன நம்ம ஊர் கூலி ஜனங்களோட வந்த பேரு. நாம காயைத் தின்னுட்டு கொடியைத் தூக்கிப் போடுறோம், ஜமைக்காக்காரங்க காயை விட்டுட்டு கொடியையும் இலையையும் எடுத்துக்கிறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, அங்க சூடா குடிக்கிற எதுவும் டீதான். கோகோ குடிச்சாலும் டீ, மீன் சூப்புக்குக் கூட ஃபிஷ் டீன்னுதான் பேரு. அதனால செராசி டீன்னதும் டீத்தூளைத் தேடாதீங்க.

முதல்ல செடியை சரியா அடையாளம் பாருங்க, இதுல அவசரம் வேண்டாம். இலை விரல் விரிச்ச மாதிரி அஞ்சாறு பிளவா இருக்கும், கொடி பத்திப் பிடிக்கிற சுருள் கம்பி கிளை இல்லாம ஒத்தையா போகும், பூ மஞ்சள், காய்ல கரடுமுரடா முள்ளு மாதிரி மேடு, பழுத்தா ஆரஞ்சு கலர்ல மூணா வெடிச்சு உள்ள ரத்தச் சிவப்பா வழவழன்னு சதை ஒட்டின விதை தெரியும். கசக்கினா பாகல் வாசனை வரணும், வரலைன்னா விட்டுடுங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா, 1950கள்ல ஜமைக்கால சின்னப் பிள்ளைங்க வயிறு வீங்கி கல்லீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்துக்கிட்டே இருந்திருக்காங்க, டாக்டருங்க துருவிப் பார்த்தா காரணம் வீட்ல வச்சுக் குடுத்த மூலிகை டீ, அதுல போட்டது நம்ம ஊர் கிலுகிலுப்பை இனத்துச் செடி. அது கல்லீரலோட சின்ன ரத்தக் குழாய்களையே அடைச்சுடும். செராசி மேல அந்தப் பழி இல்ல, ஆனா ஏதோ ஒரு பச்சையைப் பறிச்சுப் போட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அந்தக் கதை போதும்.

சரி, போடுற விதம். பச்சைக் கொடின்னா இலையும் தண்டுமா ஒரு சின்னக் கைப்பிடி, காயும் விதையும் இருந்தா கிள்ளிப் போட்டுடுங்க. நல்லா ரெண்டு மூணு தண்ணில அலசணும், ரோட்டோரக் கொடின்னா வண்டிப் புகையெல்லாம் அதுலதான் இருக்கும், என்னைக் கேட்டா ரோட்டோரம் பறிக்கவே வேண்டாம். மூணு கப் தண்ணி கொதிச்சதும் போட்டு அஞ்சு நிமிஷம் அடங்கின தீயில வச்சு, மூடி இன்னொரு அஞ்சு நிமிஷம் விட்டு வடிகட்டிக்கலாம். பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் வரும். நான் முதல் தடவை நல்லா சத்து இறங்கட்டும்னு அரை மணி நேரம் கொதிக்க விட்டேன், ஒரு வாய் வச்சதும் காது வரைக்கும் கசந்துச்சு, அந்த அம்மா வாசல்ல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

காய்ஞ்சது மார்க்கெட்ல கிடைக்கும், கொடியை அப்படியே சுத்தி குருவிக்கூடு மாதிரி வச்சிருப்பாங்க, அதுல ஒரு கோலிக்குண்டு அளவு பிச்சுப் போட்டா ரெண்டு கப்புக்கு தாராளம். சூப்பர் மார்க்கெட்ல டீ பேக்கே வருது, செடி தெரியாதவங்களுக்கு அதுதான் சேஃப். நிறைய பேர் சர்க்கரையோ தேனோ போட்டுத்தான் குடிக்கிறாங்க, சில வயசானவங்களுக்கு மட்டும் அது பிடிக்காது, கசப்புதான் மருந்தாம்.

எதுக்குக் குடிக்கிறாங்கன்னா வயித்து வலி, மலச்சிக்கல், காய்ச்சல், மாதவிடாய் வலி, சுகர், அப்புறம் எல்லாத்துக்கும் மேல ரத்த சுத்தி. ஆகஸ்ட் கடைசில ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு வயித்தைக் கழுவி விடுற வழக்கம் அங்க உண்டு, நம்ம வீடுகள்ல லீவு முடியிறப்போ விளக்கெண்ணெய் குடுத்து ஓட விட்ட அதே கூத்துதான், அங்கயும் விளக்கெண்ணெய் உண்டு, கூட செராசியும். ரத்த சுத்திங்கிறதை நான் நம்பல, அந்த வேலையை கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாம பார்த்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா சுகரைக் குறைக்கிற குணம் நிஜம், எலிகள்ல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. மனுஷங்களுக்கு மாத்திரைக்குப் பதிலா வைக்கிற அளவுக்கு அது நிரூபணம் ஆகல.

அந்தக் குணம்தான் ஆபத்தும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க இதையும் சேர்த்துக் குடிச்சா சுகர் கிடுகிடுன்னு இறங்கி மயக்கம் வரலாம், டாக்டர்கிட்ட சொல்லாம தொடாதீங்க. மாசமா இருக்கிறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க, பால் குடுக்கிறவங்க யாருக்கும் இது கிடையவே கிடையாது, கர்ப்பத்தைக் கலைக்கக் கூடிய சரக்கு இதுல இருக்கு. பிள்ளைங்களுக்கும் குடுக்காதீங்க, அங்க வழக்கம்னாலும் சரி, பாகல் டீ குடிச்ச குழந்தைங்க சுகர் இறங்கி வலிப்பு, கோமா வரைக்கும் போன கேஸ் மருத்துவப் பதிவுல இருக்கு. ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்துற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா உள்ளவங்களும் விலகிடுங்க, விதையில இருக்கிற வைசின்னு ஒரு பொருள் அவங்க ரத்த அணுவை உடைச்சுடும். ஆபரேஷன் தேதி குறிச்சாச்சுன்னா ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திடணும்.

இதெல்லாம் இல்லாத ஆளுன்னா ஒரு நாளைக்கு ஒரு சின்ன கப், மூணு நாலு நாள், நிறுத்திடுங்க. அங்க ஒன்பது நாள் கணக்கு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு மூணாம் நாளே வயிறு பிடுங்க ஆரம்பிச்சுடுச்சு.

குடிக்க முடியாதவங்களுக்கு குளியல் இருக்கு. பெரிய கொத்தா வேக வச்சு நல்லா ஆற விட்டு, குளிச்சு முடிச்சதும் கடைசியா ஊத்திக்கிறது, வேர்க்குருவுக்கும் அரிப்புக்கும் அம்மைத் தழும்பு நமைச்சலுக்கும் அங்க இதுதான் கை மருந்து, நம்ம வேப்பிலைத் தண்ணி மாதிரி. புண் இருக்கிற இடத்துல ஊத்தாதீங்க, கண்ணுல பட விடாதீங்க.

டீ போட தனி பாத்திரம் வச்சுக்கோங்க. நான் தெரியாம அதே பாத்திரத்துல மறுநாள் பால் காய்ச்சினேன், காபி போட்டது நானா செராசியான்னு தெரியல.