தைல அடுப்பும் படிவம் 28-ம்

சட்டப் படிப்பின் கடைசி வருடம், கோத்தகிரியில் தைலம் காய்ச்சும் ஒரு சின்னக் குடும்பக் கம்பெனிக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுத உதவினேன். என் முதல் வரைவு முழுக்கத் தைலத்தின் மகிமைதான்!

“தைலம் எங்க தாத்தா காலத்துலயே இருக்கு தம்பி, புதுசு இதுதான்” என்றார் கம்பெனியை நடத்தும் அண்ணன், ஆவி குளிரும் சுருள் குழாயில் தானே பற்றவைத்த சின்னத் தகட்டைத் தட்டிக் காட்டி. சரிதான். தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கி முதலில் தாக்கல் செய்யும் ஆவணத்தை, தகட்டைப் பற்றியே திருப்பி எழுதினேன்.

அப்புறம் கட்டணம். இணையத்தில் 8,000 ரூபாய் காட்டியது. அவர் முகம் வாடிவிட்டது. பார்த்தால், விண்ணப்பதாரர் வகையை நான்தான் தப்பாகத் தேர்ந்திருக்கிறேன். சிறு நிறுவனம் என்று மாற்றி, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழோடு, சலுகைக் கட்டணம் கோரும் படிவம் 28 சேர்த்ததும் 1,600 ஆனது.

அடுத்து முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது. அதில் சேர்க்கும் படம் வரையத்தான் இன்னும் ஆள் தேடுகிறேன்.