கடலோரப் புயல் படங்கள் வெளிறியதை நான் சரிசெய்த விதம்

கடல்மேல் திரண்டு வரும் புயல் மேகம் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும். படத்தில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல வெளிறிப்போகும். முதல் சில படங்கள் நன்றாக இருக்கும், அப்புறம் போகப் போக மங்கும். அதுதான் எனக்குக் கிடைத்த துப்பு. கேமரா அமைப்பில் கோளாறு என்றால் முதல் படத்திலேயே தெரிந்திருக்குமே!

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து லென்ஸைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மெல்லிய உப்புப் படலம். அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று கொண்டுவந்து சேர்க்கிறது. நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் மேகத்தின் கருமை போய்விடுகிறது.

இதை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, மணலும் உப்பும் சேர்ந்து மேல்பூச்சைக் கீறிவிடும். ஆல்கஹால் கலந்த துடைப்புத் திரவத்தில் உப்பு எளிதில் கரையாது. எனக்குக் கைகொடுத்தது காய்ச்சி வடித்த நீர். முதலில் ரப்பர் புளோயரால் மணலை ஊதிவிட்டு, அந்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறேன். பிறகு வேறொரு உலர்ந்த துணி. இப்போது லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் என்ற வட்டக் கண்ணாடி எப்போதும் இருக்கிறது, பெரும்பாலும் துடைப்பது அதைத்தான். லென்ஸ் முனையில் மாட்டும் நீளமான ஹூடும் (குழல் போன்ற மறைப்பு) உதவுகிறது.

துடைக்கும் மும்முரத்தில் இடியை மறந்துவிடக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது. உடனே முக்காலியை மடக்கிவிட்டு மூடிய காருக்குள் போய்விடுவேன். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்குவதில்லை.