சான்-ஜார்ஜையும் பிரைஸையும் வாசிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என்னிடம் வயலின் கற்கும் ஒரு பெண், தன் கச்சேரிக்கு எழுதிய அறிமுகக் குறிப்பைக் காட்டினாள். பதினெட்டாம் நூற்றாண்டின் கறுப்பின இசையமைப்பாளர் சான்-ஜார்ஜைப் பற்றிய அது, "கறுப்பு மோட்சார்ட்" என்று தொடங்கியது. பத்து வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயரை உச்சரிப்பதில் வரும் பிழைகளை எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"கறுப்பு மோட்சார்ட்"

ஷெவாலியே த சான்-ஜார்ஜ் எனப்படும் ஜோசஃப் பொலோன் 1745இல் கரீபியத் தீவான குவாதலூப்பில் பிறந்தார். தாய் நனோன், அடிமைப்படுத்தப்பட்ட பெண். தந்தை தோட்ட முதலாளி. மோட்சார்ட்டுக்குப் பத்து வயது மூத்தவர். 1772இல் பாரிஸ் மேடையில் தன் வயலின் கான்செர்ட்டோக்களை (தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமான படைப்புகள்) தானே வாசித்தார். மோட்சார்ட் தன் முதல் வயலின் கான்செர்ட்டோவை எழுதியதே அடுத்த வருஷம்தான்.

வருஷக் கணக்கு தப்பானது மட்டும் இல்லை, அந்தப் பட்டம் நம்மை அலட்சியப்படுத்த வைக்கிறது. இன்றும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான். அவருடைய ஏ மேஜர் கான்செர்ட்டோவை, மோட்சார்ட்டை வாசித்த என் கைக்கு இது எம்மாத்திரம் என்று எடுத்தேன். குழுவுக்கு ஒரே ஒரு ஒத்திகை வைத்தேன். தனி வயலின், மிக உயர்ந்த சுருதியுள்ள ஈ தந்தியில், விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் நுனி வரை ஏறுகிறது. வில் தந்திக்குத் தந்தி தாவிக்கொண்டே இருக்கிறது. வாள்வீச்சில் பேர்போன மனிதரின் மணிக்கட்டு அதில் தெரியும். மேடையில் மேல் ஸ்வரங்கள் எல்லாம் சுருதி விலகின. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "அதனால்தான் இவரை யாரும் வாசிப்பதில்லை போல" என்றார்.

மோட்சார்ட்டைச் சொதப்பியிருந்தால் பழி என் மேல் விழுந்திருக்கும். இங்கே எழுதியவர் மேல் விழுந்தது. 1776இல் பாரிஸ் ஓபராவுக்கு அவர் தலைமை ஏற்கவிருந்தபோது, கலப்பினத்தவரின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று பாடகிகள் அரசியிடம் மனுக் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு என் சோம்பலும் சேர்ந்து ஒரு கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

மூன்று மாதம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், உச்சப் பகுதிகளைத் தனியாக எடுத்து மெதுவாகப் பழகுங்கள். அப்புறம்தான் மற்றவை.

பிரைஸின் ஜூபாவை ஜாஸ் ஆக்குவது

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் ஃபிளாரன்ஸ் பிரைஸ் முழு இசைக்குழுவுக்கு எழுதிய முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஜூபா நடனம். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் கை தட்டி, தொடையில் அடித்து, காலால் மிதித்து ஆடியது. ஜாஸ் மாதிரி தாளத்தை இழுத்து ஆட்டும் ஸ்விங் போடாதீர்கள். கீழே மிதி அசையாமல் நின்றால்தான் மேலே தாளம் தள்ளி விழுவது காதில் படும்.

"2009இல் கண்டுபிடிக்கப்பட்டவர்"

பிரைஸைப் பற்றி இப்படி எழுதுகிறார்கள். அப்போது கிடைத்தவை அவருடைய கையெழுத்துப் பிரதிகள். சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவரை 1933இலேயே வாசித்துவிட்டது.

கறுப்பின வரலாற்று மாதத்தில் மட்டும் வாசிப்பது

வேண்டாம்.

இசை நோட்டை (அச்சிட்ட இசைப் பிரதியை) நகலெடுத்துக்கொள்வது

இன்னொரு கறுப்பின இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் தந்தை, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன்காரர். லண்டனில் பிறந்த மகன் 'ஹியாவதாவின் திருமண விருந்து' என்ற பாடற்குழுப் படைப்பை எழுதி, உரிமையை 15 கினிக்கு (அன்றைய ஆங்கிலேயப் பணக்கணக்கு) மொத்தமாக விற்றுவிட்டார். இங்கிலாந்து முழுக்கப் பாடினார்கள். பிரதிகள் குவியலாக விற்றன. அவருக்குப் பங்கு வரவில்லை. 1912இல் நிமோனியாவில் இறந்தபோது வயது 37. எந்த நோட்டை எடுத்தாலும் உரிமை யாரிடம் என்று கேட்டு, உரிய காசைக் கொடுத்து வாங்குங்கள்.