ஐஸ் துளைக்கும் பெட்ரோல் ஆகர் மக்கர் செய்கிறதா?

உறைந்த ஏரியின் நடுவே ஆகர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய்விட்டது. சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே நாலைந்து இழுப்பு இழுங்கள். அப்புறம் பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. போன சீசனின் மிச்சம் டேங்கில் கிடந்தால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான்: கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போலப் படிந்துவிடும். புதுசு ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் கலக்க மறக்க வேண்டாம்.

ஓடி, கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். அதன் காற்றுத் துளையைப் பனி அடைத்திருக்கலாம்.

பிளேடைத் தொடும்முன் பிளக் வயரைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள்.