குதிகாலுக்கும் முடி நுனிக்கும் ஒரே களிம்பு: வீட்டிலேயே செய்வது எப்படி?

கார்த்திகை பிறந்து ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்கினால் அது முதலில் குதிகாலில் தெரியும். பித்தவெடிப்பு, முழங்கையில் சொரசொரப்பு, சீப்பில் சிக்கும் முடி நுனி எல்லாம் வரிசையாக வரும். இதற்குக் கடையில் வாங்கும் மாய்ஸ்சரைசர் டப்பாவை ஒரு தடவை திருப்பிப் படித்துப் பாருங்கள். 'செசமம் இண்டிகம் சீட் ஆயில்' என்று இருந்தால் நம் நல்லெண்ணெய். 'ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்' என்றால் விளக்கெண்ணெய். அதிகம் சேர்த்த பொருள் பட்டியலில் முன்னால் வரும். எண்ணெயின் பெயர் கடைசி வரியில் இருந்தால் பேருக்கு ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'மாஞ்சிஃபெரா இண்டிகா சீட் பட்டர்' என்பது மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் கொட்டைக்கா பஞ்சம், செக்கில் கொடுத்து ஆட்டிவிடலாமே என்று தோன்றும். எள்ளில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். மாங்கொட்டைப் பருப்பிலோ பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொழுப்பு. நம் செக்குக்கு அது கட்டுப்படியாகாது, விட்டுவிடுங்கள்.

செய்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்: எண்ணெயில் தண்ணீர் கிடையாது. தோலுக்கு அது ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தை ஆவியாகாமல் பிடித்து வைக்கும். அதனால் காய்ந்த காலில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்புதான் மிச்சம். ஈரக் காலில் தேய்க்க வேண்டும்.

தேவையானவை

செக்கு நல்லெண்ணெய் 60 கிராம், விளக்கெண்ணெய் 20 கிராம், தேன்மெழுகு 20 கிராம். மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன எடை மெஷினில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணெயைத் தெளியவைப்பது

எள் ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ போடுவார்கள். புது எண்ணெய் கலங்கலாக இருக்கும். அசையாமல் சில நாள் வைத்து, அடியில் கசடு இறங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். சமையலுக்குக் கசடு பரவாயில்லை, களிம்பில் அது நரநரக்கும்.

படி 2: உருக்குவது

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு கிண்ணத்தை வைத்து, சீவிய மெழுகையும் விளக்கெண்ணெயையும் போடுங்கள். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், அவசரப்பட வேண்டாம். நேரடித் தீ கூடவே கூடாது. மெழுகு முழுக்கக் கரைந்தபின் நல்லெண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். உடனே அங்கங்கே வெள்ளையாக உறையும், பதற வேண்டாம். சூடு ஏறினால் மறுபடி தெளியும்.

படி 3: பதம் பார்ப்பது

குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியதும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கட்டியாக உருண்டால் கொஞ்சம் எண்ணெய், வழிந்தால் கொஞ்சம் மெழுகு. இங்கே ஊர்க் கணக்கும் உண்டு. ஓசூர்க் குளிருக்கு மெழுகு 15 கிராம்கூடப் போதும். தருமபுரி சித்திரை வெயிலில் 25 போட்டால்தான் டப்பாவில் நிற்கும். பதம் சரியென்றால் ஈரமே இல்லாத டப்பாவில் ஊற்றி, ஆறியபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துத் தண்ணீர் உள்ளே சொட்டும்.

தண்ணீர்தான் இதற்கு எதிரி. எண்ணெயும் மெழுகும் மட்டும் இருக்கும்வரை பூஞ்சை பிடிக்காது. 'கொஞ்சம் கற்றாழை சேர்க்கலாமா?' என்று கேட்பீர்கள். சேர்க்காதீர்கள். கற்றாழையில் பெரும்பகுதி தண்ணீர், கலந்தால் கெட்டுப்போகும். வேண்டுமானால் கற்றாழையைத் தனியாகத் தடவி, ஈரம் காயும் முன் மேலே களிம்பைப் பூசுங்கள். டப்பாவுக்குள் ஈரக் கையையும் விடக்கூடாது.

எப்படிப் பூசுவது?

முதலில் முழங்கையின் உட்புறம் பட்டாணி அளவு தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரித்தால் வேண்டாம். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

காலுக்கு: இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பூசி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் காலோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும்.

முடிக்கு: தலை குளித்தபின் ஈரமாக இருக்கும் நுனியில் மட்டும், உள்ளங்கையில் தேய்த்துக் கரைத்துத் தடவுங்கள். விளக்கெண்ணெயை அள்ளி அப்பினால் முடி திரிந்து சடையாகிவிடும். அதைத் தேய்த்தால் முடி வளரும் என்பதற்கும் சரியான ஆதாரம் இல்லை. பொடுகு இருந்தால் மண்டையில் படவேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. பரு வரும் முகத்துக்கும் இது வேண்டாம்.

வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ களிம்பைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி டப்பா வெயில் படாத இடத்தில் சில மாதம் தாங்கும். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலைதான்.